பெட்டி மேல் ஒரு நிமிஷம்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது உட்கார்ந்துட்டுத்தானே கிளம்பின? நல்லா யோசிச்சுச் சொல்லு. மாமனார், மாமியார், நாத்தனார், எல்லாரும் வாயை மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் உன்கூட உட்கார்ந்தாங்களா? உட்கார்ந்தாங்களா, சரி. அப்ப பயமில்லை. நல்லபடியா பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேருவ, கயிறு ஆலை வாசல்லயே உன் புருஷனைப் பார்த்துடுவ. பயணத்துக்கு முன்னாடி உட்காராம கிளம்புறதுதான் தப்பு. நம்ம ருஷ்யாவுல பிறந்த யாரும் அப்படிக் கிளம்ப மாட்டாங்க. ஒரே ஒருத்தர் கிளம்பினார், அதை நான் பார்த்தேன்.

இப்படி வந்து உட்காரு. அந்த ஜன்னலோரம் காத்து ஊசியாக் குத்தும். வண்டி இப்போதைக்கு வராது, தண்டவாளத்துல பனியை வாரிக்கிட்டு இருக்காங்களாம். அந்த மீசைக்கார ஸ்டேஷன் ஆள் சொன்னார். சமோவார்ல வெந்நீர் கொதிக்குது. என்கிட்ட தேயிலை இருக்கு. உன் மூட்டையில முட்டைக்கோஸ் வச்ச ரொட்டி இருக்கு. ஒளிக்காதே, வாசனை வருது. ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்.

நான் எங்க போறேனா? நீ போற ஊருக்குத்தான். அதோ, டிக்கெட் கொடுக்கிற இடத்துக்கு மேல பார். கறுப்புத் துணி சுத்தி ஒரு படம் மாட்டியிருக்காங்களே. நம்ம ஜார். போன வாரம் காலமானார். கோட்டைக்குள்ள இருக்கிற கோயில்ல வச்சிருக்காங்களாம், ஜனங்க வரிசையில வந்து முகம் பார்த்துட்டுப் போகலாமாம். அதுக்குத்தான் போறேன்.

எல்லாரும்தான் போறாங்க, தெரியும். நான் எல்லாரையும் போலப் போகலை. அவர் ஜார் ஆகறதுக்கு முன்னாடி, பட்டத்து இளவரசரா இருந்த காலத்துல, ஒரு குளிர்காலம் முழுக்க அவரோட இருந்தவ நான்.

சிரி, சிரி. பல்லு போன வாயையும் இந்தப் பூட்ஸையும் பார்த்தா யாருக்கும் சிரிப்புதான் வரும். அப்ப எனக்கு உன் வயசு இருக்கும். பின்னல் இடுப்புக்குக் கீழ தொங்கும். அரண்மனைச் சலவைக்கூடத்துல எங்க அம்மா துவைப்பா, நான் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணுவேன். சட்டைக் காலருக்கு இஸ்திரி போடுறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கிறிஸ்துமஸ் வாரத்துல அரண்மனைத் தோட்டத்துல ஐஸ் மேடு கட்டுவாங்க. மரச்சட்டத்து மேல தண்ணியை ஊத்தி ஊத்தி உறைய வச்சு, மாடி உயரத்துக்கு ஒரு சறுக்கு. பெரிய வீட்டுப் பிள்ளைங்க சறுக்கி அலுத்துப் போனப்புறம் வேலைக்காரங்களையும் விடுவாங்க. அன்னைக்கு இளவரசரோட சறுக்குப் பலகை பாதியில பாதியில திரும்பிக்கிட்டே இருந்தது. முன்னால எடைக்கு ஒரு ஆள் வேணும்னார். அங்க முப்பது நாப்பது பேர் நின்னோம். அவர் நேரா என்னைத்தான் கை காட்டினார்.

எடைக்குன்னு சொன்னது ஒரு சாக்கு. அது உனக்கே புரியும். அத்தனை பேருக்கு முன்னால வேற எப்படிக் கூப்பிடுவார்? நான் முன்னால உட்கார்ந்தேன், அவர் பின்னால. கீழ வந்து சேர்றதுக்குள்ள என் தலைக்குட்டை பறந்து போச்சு. அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

ஜனவரியில நம்ம ஞானஸ்நானத் திருநாள் வர்றதுக்குள்ள எனக்குத் தனி வீடு வந்துடுச்சு. கால்வாய்க் கரையில மஞ்சள் வீடு. ஒரு வேலைக்காரி, அவளுக்குக் காது கேட்காது. தெருப்பக்கம் ஜன்னல் கதவைத் திறக்கக் கூடாது, பகல்ல வெளிய போகக் கூடாது, சலவைக்கூடத்துப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது. பேச்சுத்துணைக்கு ஒரு பச்சைக் கிளி, கூண்டுல. லுக்கேரியாங்கிற என் பேரைச் சொல்ல அவருக்கு நாக்கு வரலை. ஜூலின்னு கூப்பிட்டார். அதுல ஒரு அதிசயம் கேளு. நான் அந்த வீட்டுக்குள்ள முதல் நாள் கால் வச்சு, கோட்டைக் கூடக் கழட்டலை, கிளி "ஜூலி, ஜூலி"ன்னு கூப்பிடுது. நான் வர்றதுக்கு முன்னாடியே அதுக்குச் சொல்லிக் கொடுத்து வச்சிருக்கார். எந்த ஆம்பிளைக்கு அப்படித் தோணும்?

என்ன, ஒரு மாதிரி பார்க்கிற? ரொட்டியைச் சாப்பிடு.

அவர் வாரத்துல ரெண்டு நாள் வருவார். சாதாரணக் கோட்டுப் போட்டுக்கிட்டு, பின்பக்கக் கதவு வழியா. மத்த நாளெல்லாம் நான் அந்தக் கதவைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். வர்றப்ப சில நாள் பேசுவார், பல நாள் பேச மாட்டார். சாப்பிடுவார், ஏதாவது படிப்பார், கணப்பு முன்னால காலை நீட்டிக்கிட்டுத் தூங்குவார். நான் நாற்காலிக்குப் பின்னால நிப்பேன். இளவரசர் முன்னால உட்காரக் கூடாது இல்லையா? அவரே உட்காருன்னு சொன்னா உட்காரலாம். அவர் சொல்ல மறந்துடுவார். தலையில எத்தனை கவலை இருக்கும், ஒரு ராஜ்யமே காத்துக்கிட்டு இருக்கு. ராத்திரி என் கணுக்கால் வீங்கிப் போயிடும். அப்பவும் எனக்கு அது ஒரு பெருமைதான்.

தனிமையா இருந்ததான்னு கேட்கிறியா? இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். சில நாள் கிளி கூடத் தூங்கிப் போயிடும், அப்ப சுவத்துக் கடிகாரத்தோட பேசுவேன். ஆனா ஒரு விஷயம் இருந்தது. அவர் சட்டையை எங்க அம்மாதான் துவைப்பா. அம்மா கை பட்ட சட்டையை என் வீட்டுல வந்து கழட்டிப் போடுவார். நான் காலரை மூக்குல வச்சுக்குவேன். அம்மா கஞ்சியில கொஞ்சம் உப்பு சேர்ப்பா, அந்த வாசனை எனக்குத் தெரியும். ஒருநாள் சட்டையோட கீழ் மடிப்புல உள்பக்கமா ஒரு சின்னச் சிவப்பு நூல் தையல் போட்டு விட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு அதே சட்டை வந்தது. என் தையலுக்குப் பக்கத்துல இன்னொரு சிவப்புத் தையல். அதை வச்சுக்கிட்டு அன்னைக்கு நான் அழுதேன். அவர் கணப்பு முன்னால தூங்கிக்கிட்டு இருந்தார். தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு சத்தம் போடாம அழுதேன்.

ஆத்துல ஐஸ் உடையுற சமயம். ஒருநாள் சேதி வந்தது. அவர் வெளிதேசம் போறார், பொண்ணு பார்க்க. ஜெர்மன் பக்கத்து இளவரசியாம். எனக்கு வருத்தமில்லை. நான் யாரு, அவர் யாரு, அது எனக்குத் தெரியாதா? பொண்டாட்டி வேற, நான் வேற. போறதுக்கு முன்னாடி வருவார்னு தெரியும். அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

கிளம்புறவங்க ஒரு நிமிஷம் உட்காரணும் இல்லையா? கூட இருக்கிறவங்களும் உட்காரணும். எவ்வளவு பெரிய மாளிகையிலயும் அப்படித்தான். எஜமானும் உட்காருவார், அடுப்படிப் பொண்ணும் உட்காருவா. அந்த ஒரு நிமிஷத்துக்கு யாரும் யார்கிட்டயும் உத்தரவு கேட்க வேண்டாம். அவரும் உட்காருவார், நானும் பக்கத்துல உட்காருவேன். வாழ்க்கையில அது ஒண்ணு போதும்னு இருந்தது எனக்கு.

ரெண்டு நாற்காலியைப் பக்கம் பக்கமாப் போட்டேன். நீலத் துணி வாங்கி வரச் சொல்லி ரெண்டுக்கும் உறை தச்சேன். மூலையில மாதா படத்துக்கு முன்னால விளக்கேத்தினேன். கிளிக்கூண்டைப் போர்வை போட்டு மூடினேன், நடுவுல கத்தித் தொலைக்குமே. காது கேட்காதவளுக்குக் கூட ஒரு முக்காலி போட்டு வச்சேன்.

வந்தார். கோட்டைக் கழட்டலை. வாசல்ல குதிரைங்க நிக்குது. கதவோரமா நின்னுக்கிட்டே என் கன்னத்தைத் தட்டினார். "கதவைச் சாத்திக்கோ ஜூலி, சளி பிடிக்கும்" அப்படின்னார். போயிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள போயிட்டார்.

இரு, கதை இன்னும் முடியலை. திரும்பி வந்தார். கையுறையை மறந்து வச்சுட்டார். மறந்த பொருளுக்குத் திரும்பி வர்றது நல்லதில்லைன்னு உனக்கே தெரியும், அப்படி வந்தா கட்டாயம் உட்கார்ந்துட்டுத்தான் போகணும். எனக்கு எங்கேருந்து தைரியம் வந்ததோ, வாய் விட்டுக் கேட்டுட்டேன். "ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போங்க" அப்படின்னு. நாற்காலியைக் காட்டினேன். அவர் நீல உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிச்சார். "அடுத்த தடவை" அப்படின்னார்.

கேட்டியா? அடுத்த தடவை. போயிட்டு வரேன்னு சொல்லலை, எழுதுறேன்னு சொல்லலை. அடுத்த தடவைன்னு சொன்னார். அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்லாம யாராவது அப்படிச் சொல்வாங்களா? ராஜா வீட்டுப் பிள்ளை, வாய் தவறியும் பொய் வராது.

அதுக்கப்புறம் அவர் வரலை. அரண்மனை அலுவலகத்துலேருந்து ஒரு அதிகாரி வந்தார். வெள்ளைக் கையுறை, பன்னீர் வாசனை. அவர் பேரை இனிமே எங்கயும் சொல்லக் கூடாதுன்னு மாதா படத்து மேல சத்தியம் வாங்கினார். அதான் இவ்வளவு நேரமா நான் பேரைச் சொல்லாமப் பேசுறேன், கவனிச்சியா? தலைநகரத்தை விட்டுப் போகணும்னார். மாப்பிள்ளையும் பார்த்தாச்சுன்னார். அம்மாகிட்டச் சொல்லிட்டு வரேன்னு கேட்டதுக்கு, அவளை வேற ஊர் மாளிகைக்கு மாத்தியாச்சுன்னுட்டார். அந்தச் சட்டை எந்தக் கைக்குப் போச்சோ.

மாப்பிள்ளை யாருன்னு நினைக்கிற? பர்ஃபியோன் குஸ்மிச். ஓகா ஆத்தங்கரையில ஒரு சின்ன ஊர், அங்க அரசாங்க உப்புக் கிடங்குல மேற்பார்வை. சண்டையில குண்டு பட்டு ஒரு கால் மடங்காது. பெரிய காது. இளவரசரைப் பார்த்த கண்ணால இவனைப் பார்த்தேன், என் நிலைமையை நீயே நினைச்சுப் பாரு. தொப்பியைக் கையில வச்சு உருட்டிக்கிட்டு, "உங்களை எப்படிக் கூப்பிடணும்?"னு கேட்டான். ஜூலின்னேன். "அது யாரோ வச்ச பேர் மாதிரி இருக்கு. உங்க அப்பா பேர் என்ன?" அப்படின்னான். எங்க அப்பா ஃபோமா, தண்ணி வண்டி ஓட்டினவர். அன்னைலேருந்து நான் லுக்கேரியா ஃபோமினிஷ்னா. அப்பன் பேரையும் சேர்த்து, முழுசா. வீட்டுக்குள்ளயும் அப்படித்தான். "லுக்கேரியா ஃபோமினிஷ்னா, சூப்புல உப்பு கொஞ்சம் போடுறீங்களா?" ஊர்ல ஒவ்வொருத்தனும் பொண்டாட்டியை வாடி போடிங்கிறான். இவன் கவர்னர் வீட்டம்மாகிட்டப் பேசுற மாதிரி நீங்க, நீங்க. எனக்கு எரிச்சலா வரும். ஒரு ஆசைப் பேரு வைக்கத் தெரியாத மனுஷன்.

என்னைக் கட்டிக்கிட்டா பெரிய உத்தியோகம் தரேன்னு அந்த அதிகாரி சொல்லியிருந்தார். கல்யாணம் முடிஞ்சதும் இவன் போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டான். ஏன்யான்னு கேட்டா, "உங்களைக் கூலிக்குக் கட்டிக்கிட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது" அப்படிங்கிறான். என்ன பிழைக்கிற புத்தி பாரு. கல்லு வீடு வர வேண்டியது, மர வீட்டுலயே காலம் போச்சு. உப்புக் காத்துல என் கை வெடிச்சுப் போனதுதான் மிச்சம்.

தலைநகரத்துலேருந்து கிளம்புற அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். என் துணிமணி ஒரு பெட்டியில இருந்தது. இரும்புப் பட்டை போட்டு, மூடி முழுக்கப் பூ வரைஞ்ச பெட்டி. வாசல்ல வண்டி நிக்குது. இவன் தன் கோட்டைக் கழட்டிப் பெட்டி மேல விரிச்சான். "உட்காருங்க லுக்கேரியா ஃபோமினிஷ்னா, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்" அப்படின்னான். நான் முடியாதுன்னுட்டேன். ஏன்னும் சொல்லிட்டேன், எதையும் மறைக்கலை. ஒருத்தர் அடுத்த தடவைன்னு சொல்லிட்டுப் போயிருக்கார், அவர் கூட உட்கார்ந்தப்புறம்தான் வேற யார் கூடவும் உட்காருவேன்னு. நியாயம்தானே? காத்திருக்கிறேன்னு ஆனப்புறம் ஒழுங்காக் காத்திருக்கணும்.

"சரி"ன்னான். பெட்டியோட ஒரு ஓரமா அவன் மட்டும் உட்கார்ந்தான். மறு ஓரத்தை எனக்கு விட்டுட்டு.

அன்னைக்குப் பிடிச்ச வழக்கத்தை விடவே இல்லை. அந்தப் பெட்டி எங்க வீட்டு வாசக்கதவுக்குப் பக்கத்துலயே கிடந்தது. உப்புப் படகு வர்ற துறைக்குப் போனாலும் உட்காருவான், பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனாலும் உட்காருவான். சந்தைக்குப் போறதெல்லாம் ஒரு பயணமா? "ஒரு நிமிஷம், லுக்கேரியா ஃபோமினிஷ்னா" அப்படின்னு ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவான். நான் வர மாட்டேன்னு தெரியும், தெரிஞ்சும் கூப்பிடுவான். அந்தக் காலை வச்சுக்கிட்டு உட்காரவும் நேரமாகும், எழுந்திருக்கவும் நேரமாகும். நான் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு "ஆச்சா, ஆச்சா"ன்னு கேட்பேன். வீட்டுச் சூடெல்லாம் வெளிய போகுது, இவன் அங்க சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கான்.

நீ அந்தப் பெட்டியைப் பார்க்கணும். அவன் உட்கார்ந்த பக்கம் தேய்ஞ்சு குழிஞ்சே போச்சு. பெயின்ட் போயி, வெறும் மரம் பளபளன்னு ஆயிடுச்சு. என் பக்கம் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. பூ ஒண்ணு கூட அழியலை. பொருளை எப்படி வச்சுக்கணும்னு தெரிஞ்சவ நான்.

ஒரு தடவை ஜார் எங்க ஆத்து வழியா நீராவிக் கப்பல்ல போனார். அப்ப ஜார் ஆயிட்டார். ஊரே கரையில திரண்டு நிக்குது, எனக்கு ஒண்ணும் தெரியலை. இவன் கிடங்குலேருந்து ஒரு உப்புப் பீப்பாயை உருட்டிக்கிட்டு வந்து என்னை அது மேல ஏத்தி விட்டான். விழுந்துடாம கீழேருந்து பிடிச்சுக்கிட்டான். கப்பல் நடு ஆத்துல போகுது. மேல் தட்டுல அவர் நிக்கிறார். நின்னார், இந்தப் பக்கம் திரும்பினார், கையைத் தூக்கினார். அவ்வளவு கூட்டத்துல என்னைத்தான் பார்த்தார். எப்படித் தெரியும்னா, எனக்குத் தெரியும். இறங்கினதும் இவன் கேட்டான், "பார்த்தாரா?" பார்த்தார்னேன். "அப்ப நல்லது" அப்படின்னான். அவனுக்கு ஒண்ணும் தெரியலை, கூட்டத்துல கீழ நின்னதால என் பாவாடையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பான். ரெண்டு நாள் காலை ஊன முடியாம முனகினான், பீப்பாய் உருட்டினதுல.

ஆமா, செத்துட்டான். இந்தக் குளிர் தொடங்கினப்ப. நெஞ்சுல சளி கட்டி மூச்சு இழுத்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரன் குரி சறுக்கு வண்டியைக் கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறான். நான் அடுப்படியில ரொட்டி மாவு பிசைஞ்சுக்கிட்டு இருக்கேன், முழங்கை வரைக்கும் மாவு. இவன் பெட்டி மேல உட்கார்ந்துக்கிட்டு கூப்பிடுறான், குரலே எழும்பலை. "லுக்கேரியா ஃபோமினிஷ்னா, ஒரு நிமிஷம்." பக்கத்துல இடத்தைத் தட்டிக் காட்டுறான். குதிரை குளிர்ல நடுங்குது, மாவு புளிச்சுப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ஒரு வாரத்துல வரப் போறவன். நான் என்ன சொல்வேன்? "கிளம்பு, கிளம்பு, அடுத்த தடவை உட்காரலாம்" அப்படின்னேன்.

என்ன பார்க்கிற? மாவும்மா. கையெல்லாம் மாவு.

அவன் சிரிச்சான். இவ்வளவு வருஷத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. நான் ஏதோ கொடுத்துட்ட மாதிரி. "அடுத்த தடவையா? சரி, லுக்கேரியா ஃபோமினிஷ்னா" அப்படின்னான். அதுக்கு முன்னாடி ஒரு தடவையும் நான் அப்படிச் சொன்னதில்லை பார். எப்பவும் முடியாதுன்னுதான் சொல்லியிருக்கேன். குரி வந்து கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டுப் போனான். நாலாம் நாள் குரி மட்டும் திரும்பி வந்தான்.

தேநீர் ஆறிப் போச்சு. பரவாயில்லை, குடிச்சுடு.

இந்தக் கறுப்பு உடையை அவனுக்காகப் போட்டேன்னு நினைச்சியா? இல்லை. அவன் செத்தப்ப நான் கறுப்புப் போடலை. இருந்த சாம்பல் கலர் சால்வையே போதும்னு விட்டுட்டேன். இது போன வாரம் கோயில் மணி அடிச்சதும் தச்சுப் போட்டது. ஜாருக்காக. அவருக்கு யார் யாரோ கறுப்புப் போடுறாங்க, எனக்கு அந்த உரிமை இல்லையா? அப்பத்தான் முடிவு பண்ணினேன். அவர் வரலைன்னா நாம போவோம். கூட்டத்துல இடிச்சுத் தள்ளிக்கிட்டு முன்னால போவேன். சவப்பெட்டி வச்சிருக்கிற மேடைக்குப் படி இருக்குமாம். அந்தப் படியில ஒரு நிமிஷம் உட்காருவேன். காவல்காரன் தூக்கி வெளிய வீசினா வீசட்டும். இனிமே அவருக்கு அவசரம் கிடையாது, வாசல்ல குதிரை நிக்கலை. அவர் சொன்ன அடுத்த தடவை இதுதான். இதுக்காகத்தான் நான் இத்தனை காலம் யார் கூடவும் உட்காராம இருந்தேன்.

நேத்து வீட்டுலேருந்து கிளம்பினேன் இல்லையா, அப்ப உட்கார்ந்தேன். பெட்டி மேலதான், வேற எங்க? பூட்டைக் கையில வச்சுக்கிட்டு என் பக்கம் உட்கார்ந்தேன், பூ இருக்கிற பக்கம். அப்பத்தான் முதல் தடவையா யாரோ உட்கார்ற மாதிரி மூடி கிறீச்சுன்னுது. தனியா உட்கார்ந்தா உட்கார்ந்த மாதிரியே இல்லைம்மா. ஒரு நிமிஷம் ஆச்சா ஆகலையான்னு சொல்ல ஆள் வேணும். ஆச்சான்னு நானே கேட்டேன். வீட்டுல சத்தமே இல்லை. அந்தக் குழிஞ்ச பக்கத்துல கையை வச்சுப் பார்த்தேன், ஜில்லுன்னு இருந்தது. எழுந்து வந்துட்டேன். பூட்டினேனான்னு கூட இப்ப ஞாபகம் இல்லை.

அதோ, முதல் மணி. வண்டி வந்துடுச்சு. பதறாதே, மூணு தடவை மணி அடிச்சாத்தான் கிளம்பும். எழுந்திருக்காதே. ஒரு உதவி பண்ணு எனக்கு. வீட்டுல நான் உட்கார்ந்தது சரியில்லை, மனசு அடிச்சுக்குது. கிளம்புறதுக்கு முன்னாடி இப்ப என் கூட ஒரு நிமிஷம் உட்காரு. பேசக் கூடாது. உனக்கும் நல்லதுதான்.

கொஞ்சம் தள்ளி உட்காரு. இந்தப் பக்கம் இல்லை, அந்தக் கடைசியில. நடுவுல இடம் இருக்கட்டும். என் மூட்டையைக் கீழ வச்சுடு, மூட்டை இருந்தா எப்படி உட்கார முடியும்?

யாருக்கு இடமா? ஜாருக்கான்னு கேட்கிறியா? நல்ல பொண்ணும்மா நீ. ஜார் எப்ப உட்கார்ந்தார்? அந்தப் படத்தைப் பார், அதுலயும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கார். இது பர்ஃபியோன் குஸ்மிச்சோட பக்கம். இடது பக்கம். கிளம்புற நேரம்னா அவன் வந்து உட்காராம இருக்க மாட்டான், உனக்கு அவனைத் தெரியாது. பேசாதே இப்ப.

ரெண்டாவது மணி அடிச்சுட்டாங்களா? நீ கிளம்பு. உன் மூட்டையை எடுத்துக்கோ, கையுறையை எடுத்துக்கோ, எதையும் மறந்துட்டுத் திரும்பி வராதே. உன் புருஷனைக் கேட்டதாச் சொல்லு. நானா? வரேன், வரேன். வண்டி போயிடும்னு எனக்குத் தெரியாதா? போனா போகட்டும், நாளைக்கு இன்னொண்ணு வரும். கையை விடும்மா, இழுக்காதே. அவன் இப்பத்தான் உட்கார்ந்திருக்கான். அந்தக் காலை வச்சுக்கிட்டு எழுந்திருக்க அவனுக்குக் கொஞ்சம் நேரமாகும்.